50 கையில் இருக்கும்போது 40 எதற்கு?

"என்னிடம் 50 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. 40 மி.மீ. ஒன்று வாங்கலாமா, சார்?" புகைப்படத்தைத் தொழிலாகக் கொண்டிருப்பதோடு வகுப்பும் எடுப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் ஓயாமல் வருகிறது. எண்கள்தான் மாறும். 85 வைத்திருப்பவர் 100-ஐக் கேட்பார். 24-70 ஜூம் வைத்திருப்பவர், ஜூம் செய்ய முடியாத 35 பிரைமைக் கேட்பார். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "இருக்கிற லென்ஸால் எடுக்க முடியாமல் போன படம் ஒன்றைச் சொல்லுங்கள்." சிலர் உடனே சொல்லிவிடுவார்கள், அவர்களோடு பேசுவது சுலபம். பலர் சற்று யோசித்துவிட்டு, அந்த லென்ஸைப் பற்றித் தாங்கள் பார்த்த விமர்சனங்களை ஒப்பிக்கத் தொடங்குவார்கள். புதுப் பொருள் மீதான ஆசை குற்றமில்லை, வசதி இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். அந்த ஆசைக்குத் தேவை என்று பெயர் சூட்டும்போதுதான் கணக்கு தப்புகிறது.

லென்ஸின் பெயரில் வரும் இந்த மி.மீ. எண்தான் குவியத்தூரம்; அது கூடக்கூடப் பார்வைக் கோணம் குறுகும். கிட்டத்தட்ட ஒரே குவியத்தூரம் என்கிறோமே, எது கிட்டத்தட்ட? இதைக் கழித்துப் பார்த்து அறிய முடியாது. வகுத்துப் பார்க்க வேண்டும். படம் பதியும் சென்சார் 36-க்கு 24 மி.மீ. இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 14 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாக ஏறத்தாழ 104 டிகிரி பார்க்கும்; 16 மி.மீ. 97 டிகிரி பார்க்கும். இடையில் இருப்பது 2 மி.மீ.தான், ஆனால் படத்தின் ஓரத்தில் ஒரு ஜன்னல் உள்ளே வருவதும் வெளியே போவதும் அதில் இருக்கிறது. அதே 2 மி.மீ.-ஐ 200-உடன் கூட்டினால் யார் கண்ணுக்கும் தெரியாது. பிரைம் லென்ஸ்களின் பழைய வரிசை 24, 35, 50, 85, 135 என்று போகும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைப் போல் சுமார் 1.4 முதல் 1.7 மடங்கு. அவ்வளவு இடைவெளி இருந்தால்தான் லென்ஸை மாற்றியது படத்தில் தெரிகிறது. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து 1.3-க்குக் கீழே வந்தால், பார்வைக் கோணத்துக்காக மட்டும் இரண்டாவது லென்ஸ் வாங்க வேண்டாம் என்பது என் அளவுகோல். 50-க்கும் 40-க்கும் 1.25 வருகிறது, 100-க்கும் 85-க்கும் 1.18. போதாக்குறைக்கு, லென்ஸில் அச்சிட்டிருக்கும் எண்ணே முழுமையாக்கப்பட்ட எண். உண்மையான குவியத்தூரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். அருகில் ஃபோகஸ் செய்யும்போது பல லென்ஸ்களில் கோணம் இன்னும் சற்று மாறிவிடும்.

இந்த 1.25 நடைமுறையில் எப்படி இருக்கும்? 50-இல் நீங்கள் 4 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் ஆளை, 40-இல் அதே அளவில் காட்ட 3.2 மீட்டருக்கு நெருங்க வேண்டும். 40 காட்டும் அகலத்தை 50-ஐக் கொண்டே பெற வேண்டுமென்றால் 5 மீட்டருக்குப் பின்வாங்க வேண்டும். திறந்தவெளியில் அந்த ஒரு மீட்டருக்குப் பஞ்சமில்லை. முதுகு சுவரில் முட்டும் அறையில் அது கிடைக்கவே கிடைக்காது. என் மாணவர் ஒருவருக்கு இதுதான் சிக்கல். சிறிய அறைகளில் குழுப்படம் எடுப்பவர். ஓரத்தில் நிற்பவரின் தோள் படத்துக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. அவர் கேட்டது 40. படங்களை வரிசையாகப் பார்த்தபோது 40-உம் போதாது என்று தெரிந்தது, 28 வாங்கினார். பக்கத்து எண்ணைத் தேடுபவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இரண்டு படி தள்ளியிருக்கும் எண்.

சற்று நெருக்கமாக வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: வெட்டுவது. 35 மி.மீ. படத்தை 50 மி.மீ. அளவுக்கு வெட்டினால் பிக்சல்களில் ஏறத்தாழ பாதி மிஞ்சும். 24 மெகாபிக்சல் கேமராவில் 12 கிடைக்கும். அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் 12-க்கு 18 அங்குலத் தாளில் அச்சிட ஒன்பதுக்கும் குறைவான மெகாபிக்சலே போதும். நின்ற இடம் மாறாததால் முகமும் பின்னணியும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவும் மாறாது. அதைத் தீர்மானிப்பது தூரம். லென்ஸுக்கு அதில் பங்கில்லை. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும், பின்னணி மங்கும். எஃப் 1.8-இல் எடுத்த 35 மி.மீ. படத்தை இப்படி வெட்டினால், பின்னணி மங்கல் 50 மி.மீ. லென்ஸில் சுமார் எஃப் 2.6 வைத்தது போலத்தான் இருக்கும். இருட்டில் எடுத்த படமானால் மணல் தூவியது போன்ற புள்ளிகளும் கூடுதலாகத் தெரியும்.

இவ்வளவு தூரம் வாங்க வேண்டாம் என்றே பேசிவிட்டேன். எண் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் வேலை அடியோடு வேறாக இருக்கும் லென்ஸ்களும் உண்டு. 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் பொதுவாக 80 செ.மீ.-க்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. அவ்வளவு நெருங்கியும் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 30 செ.மீ. அடங்கும். சிறு பொருள்களை மிக அருகில் எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் ஒன்றுக்கு ஒன்று அளவில் 36-க்கு 24 மி.மீ. பரப்பைப் படம் முழுக்க நிரப்பும். மோதிரத்தின் கல்லை எடுப்பவருக்கு இவை இரண்டும் ஒரே லென்ஸ் என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார். கட்டடங்களை எடுப்பவருக்கு 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸும் அப்படித்தான். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி, செங்குத்துக் கோடுகள் சரியாமல் உச்சி வரை எடுக்கலாம். அவரிடம் 24-70 இருக்கிறதே என்று வாதாடுவதில் பயனில்லை.

மேக்ரோ வைத்திருப்பவர் முகப்படத்துக்காக 85 கேட்டால், நான் ஒரு சின்னக் கணக்குப் போடச் சொல்வேன். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் திறப்பு எவ்வளவு அகலமாகத் தோன்றும் என்பது தெரியும். முகத்தைப் படத்தில் ஒரே அளவில் வைத்தால், தொலைவிலுள்ள பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த அகலம்தான் முடிவு செய்கிறது. 100-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 36 மி.மீ., 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47. வித்தியாசம் தெரியும், ஒளியும் ஏறத்தாழ 2.4 மடங்கு கூடும். ஆனால் அவரிடம் ஏற்கெனவே 50 மி.மீ. எஃப் 1.4 இருந்தால் அதுவும் ஏறத்தாழ 36தான். மேக்ரோ தந்த மங்கலை அதுவும் தந்திருக்கும், அதற்கு முகத்தருகே இரு மடங்கு நெருங்க வேண்டியிருக்கும் என்பது தவிர. அந்த நெருக்கத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவதை எடுக்கப்படுபவர் ரசிக்கமாட்டார்.

எஃப் 1.8-ஐ வைத்துக்கொண்டு அதே குவியத்தூரத்தில் எஃப் 1.4-க்கு ஏங்குபவர்களிடம் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். இரண்டுக்கும் இடையே மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்ததை 2000-இல் எடுக்கலாம். இன்றைய சென்சார்களில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 85 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தூரத்து முகத்துக்கு எஃப் 1.8-இல் கூர்மையாக நிற்கும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ., 1.4-இல் நாலரை. முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் கூர்மை இழக்கும் நிலைமை இப்போதே இருக்கிறது. 1.4 வாங்கியவர்களின் படங்களைத் திறந்து பாருங்கள். பாதுகாப்புக்காக எஃப் 2-இல் வைத்து எடுத்தவைதான் மிகுதி. இதில் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விலக்குத் தருவேன்: இரவு வானம் எடுப்பவர்கள். ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு விரித்த பறவை போல இழுபடும் கோமா என்ற பிழை அவர்களுக்குப் பெரிய தலைவலி. அதே 24 மி.மீ.-இல் அந்தப் பிழையைத் திருத்திய இன்னொரு லென்ஸ் வாங்குவது முழுக்க நியாயம்.

ஜூமுக்குப் பக்கத்தில் பிரைம் வேண்டுமா என்பதற்கான சாட்சி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் குவியத்தூரம், அப்பர்ச்சர் (எஃப் எண்), ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகின்றன. லைட்ரூம் கிளாசிக் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்தால் எந்தக் குவியத்தூரத்தில் எத்தனை படம் என்று காட்டிவிடும். எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளாலும் இதைத் திரட்டலாம். 24-இலும் 70-இலும் படங்கள் குவிந்திருந்தால், ஜூமின் இரு முனைகளிலும் நீங்கள் முட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நடுவில் ஒரு 35 அதற்கு மருந்தாகாது. 30-க்கும் 40-க்கும் இடையில் குவிந்து, அவையும் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/60 என்று வெளிச்சம் போதாமல் திணறிக்கொண்டிருந்தால் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்கக் காரணம் இருக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: எடுத்த படங்கள் மட்டுமே இந்தப் பட்டியலில் இருக்கும். கேமராவைத் தூக்கிவிட்டுக் கீழே இறக்கிய தருணங்களை நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும்.

தொழில் செய்பவர்களுக்குத் தனி நியாயம் ஒன்று உண்டு. திருமணத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாது. முதன்மை லென்ஸ் கீழே விழுந்தால் வேலையை முடித்துக்கொடுக்க அதே குவியத்தூரத்தில் சிறிய, எளிய லென்ஸ் ஒன்று பையில் இருப்பது ஆடம்பரத்தில் சேராது. கேமரா வரிசையை மாற்றியவர்கள் அதே லென்ஸைப் புது மவுண்டில் (லென்ஸைக் கேமராவோடு பூட்டும் வாயில்) வாங்கத் துடிப்பது வேறு கதை. கேனானின் பழைய ஈஎஃப் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ.; புதிய ஆர்எஃப் கேமராவில் 20. சாதாரண அடாப்டர், நடுவில் கண்ணாடி இல்லாமல், அந்த 24 மி.மீ.-ஐ நிரப்பி மின்தொடர்பைக் கொடுக்கிறது. படத்தரம் குறைய அங்கே ஒன்றும் இல்லை.

குணத்துக்காக வாங்குபவர்களை நான் தடுப்பதில்லை. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப் 2, பின்னணியைச் சுழலாக்கிக் காட்டும். உங்கள் 50 அதைச் செய்யாது. கையால் ஃபோகஸ் செய்யும் பொறுமை இருந்தால் வாங்கி விளையாடுங்கள்.

வாங்கிய பிறகு இரண்டில் ஒன்று பைக்குள்ளேயே கிடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டும் ஈரப்பதமும் கிடைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். முற்றினால் கண்ணாடி மேலுள்ள பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது. 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்க வசதியில்லாதவர், புதியது வரும் முன்பே பழையதை யாருக்கு விற்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், கேட்கும் லென்ஸை வாடகைக்கு எடுத்து, வழக்கமாகச் செய்யும் வேலையையே அதில் செய்யுங்கள். சுவரையும் செங்கல்லையும் எடுத்துச் சோதிக்க வேண்டாம். பிறகு இரண்டு லென்ஸின் படங்களையும் கலந்து, தகவல்களை மறைத்து, நீங்கள் கொடுக்கத் தகுந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வானவற்றில் எது எந்த லென்ஸ் என்று அதன் பிறகு பாருங்கள். புதியது தெளிவாக முந்தியிருந்தால், எந்த வகைப் படத்தில் முந்தியது என்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். இரண்டும் பாதிப்பாதி என்றால் வாடகையோடு செலவு நின்றது.