ராமென், ஷவர்மா, மோமோஸ்: ருசியோடு என்ன வருகிறது?

டயட்டீஷியனான என்னிடம் வரும் பெற்றோர் பலருக்கும் இப்போது ஒரே புகார்தான். “வீட்டுச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்கிறா மேடம். எப்பப் பாரு ராமென், மோமோஸ், ஷவர்மா.” நான் பிள்ளையை நாலு வார்த்தை திட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். திட்டுவதில்லை. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கப்பலில் வந்து இறங்கியவைதான். அவை இல்லாமல் இன்று எந்த வீட்டில் சமையல் நடக்கிறது? புது ருசி தேடுவதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு நாட்டுச் சாப்பாடு இங்கே வரும்போது அதில் எது கிளம்பி வருகிறது, எது அங்கேயே தங்கிவிடுகிறது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: “கொரியாக்காரங்க எல்லாம் ஒல்லியாத்தானே மேடம் இருக்காங்க? நானும் அதைத்தானே சாப்பிடறேன்?” அவள் சாப்பிடுவது, ராத்திரி பதினொரு மணிக்கு ஹாஸ்டல் கெட்டிலில் வேகும் ராமென் என்கிற கார நூடுல்ஸ், மேலே இரண்டு சீஸ் ஸ்லைஸ். கொரிய வீட்டில் சோறு, சூப், கிம்ச்சி எனும் உப்பிட்டுப் புளிக்கவைத்த கோஸ், எள்ளெண்ணெயில் புரட்டிய கீரை, முளைப்பயறு, மீன் அல்லது டோஃபு எனும் சோயா பனீர் என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரிசை கட்டும். அதில் பாக்கெட்டில் அடைத்துக் கப்பலேற்றத் தோதானது நூடுல்ஸ்தான். அது மட்டும் வந்துவிட்டது. உப்பு விஷயத்தில் கொரியாவையும் உதாரணம் காட்ட முடியாது. சூப்பாலும் கிம்ச்சியாலும் சோடியம் எகிறுகிறது என்று அந்த நாட்டு அரசே 2012ல் அதைக் குறைக்கத் திட்டம் போட்டது.

பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சோடியம் அளவை 100 கிராமுக்குப் போட்டிருப்பார்கள். பாக்கெட்டோ 120, 140 கிராம் இருக்கும். முழுப் பாக்கெட்டுக்கும் கணக்குப் போட்டால் பல கார நூடுல்ஸ்களில் 1,200 மில்லிகிராமைத் தாண்டும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு. ஆக, மூன்று கிராம் உப்பு அந்த ஒரு கிண்ணத்திலேயே போய்விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது ஐந்து கிராமுக்குள். உப்பில் பெரும்பங்கு மசாலா பாக்கெட்டில்தான் இருக்கிறது. பாதியை மட்டும் போடுங்கள். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி கோஸ், கேரட் சேர்த்தால் அதுவே சாப்பாடு மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். சீஸை மட்டும் விட மனசு வரவில்லை, ஒன்றாகக் குறைத்திருக்கிறாள். போகட்டும்.

ஷவர்மாதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. லெபனான், சிரியா பக்கம் சிக்கன் ஷவர்மாவுக்குத் தடவுவது ‘தூம்’. பூண்டையும் உப்பையும் அரைத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டு அடிக்கும் விழுது அது. மரபான முறையில் முட்டை கிடையாது. இங்கே அந்த இடத்தில் மயோனைஸ் உட்கார்ந்துவிட்டது. பச்சை முட்டையில் அடித்து, நம் ஊர் வெயிலில் கடை வாசலிலேயே மணிக்கணக்காக வைத்திருந்தால் கிருமிக்குக் கேட்கவா வேண்டும்? சால்மோனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியா என்ற கிருமிகளின் அபாயத்தைச் சொல்லித்தான் 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது.

மயோனைஸை விட்டாலும் கறி இருக்கிறது. கம்பியில் சுழலும் கறியில் வெளிப்பக்கம்தான் வெந்திருக்கும். அதை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். சாயங்காலக் கூட்டம் சேர்ந்ததும் கத்தி ஆழமாக இறங்கும், உள்ளேயிருக்கும் வேகாத கறியும் சேர்ந்து வரும். கூட்டம் இல்லாத நேரத்தில் தீயைக் குறைத்துவிடுவார்கள். அப்போது கறி வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூடுதான் கிருமி பெருக வசதியானது. நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். சீவிய கறியை மறுபடி சூடான கல்லில் போட்டுப் புரட்டித் தருகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் சாப்பிடாதீர்கள். காசு போனால் போகிறது.

மோமோஸ் ஆவியில் வெந்ததாக இருக்கும்வரை எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. அதை எண்ணெயில் பொரித்து, தந்தூரி மசாலா பூசி, மயோனைஸ் ஊற்றி ‘ஃப்யூஷன்’ என்கிறார்கள். இந்தக் கலப்பில் இரண்டு ஊர்க் காய்கறியும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு ஊர்க் கொழுப்பும்தான் சேர்கிறது. தைவானில் பிறந்த பபிள் டீயின் முத்துகள், நம் சேலத்து ஜவ்வரிசியைப் போலவே மரவள்ளி மாவில் செய்தவைதான். பிரச்சினை சர்க்கரைப் பாகு. பாதி போடச் சொன்னால் பல கடைகளில் போட்டுத் தருவார்கள்.

ஹம்மஸை மட்டும் நானே சிபாரிசு செய்கிறேன். கொண்டைக்கடலை, எள் விழுது, பூண்டு, எலுமிச்சை, வேறென்ன வேண்டும்? சுண்டலைக் கண்டாலே ஓடுகிற பையன் ஹம்மஸைக் கிண்ணத்தோடு வழித்துத் தின்கிறான். தின்னட்டும். மைதா ரொட்டிக்குப் பதில் வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கிக் கொடுங்கள்.

அப்புறம், வெளியே சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு விஷயம். சால்மோனெல்லா உடனே காட்டாது. ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரைகூட ஆகலாம். அதனால் முந்தின நாள் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போக்கை நிறுத்தப் பார்க்காதீர்கள். காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடை பில்லைத் தூக்கிப் போட வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கும்போது தேவைப்படும்.