ஒட்டேடு: ஸ்கிராப்புக்குக்கு நம்மிடம் இருக்கும் சொல்

போன மாதம் மகளுக்குப் பள்ளியில் பூக்கு ஸ்கிராப் (படம், துணுக்கு ஒட்டிவைக்கும் ஸ்கிராப்புக்கின் மலாய்ப் பெயர்) செய்துவரச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் இதைத் திரட்டேடு என்பார்கள், ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) என்கிற கடைக்குப் போய்த் திரட்டேடு கேட்டுப் பாருங்கள், பூக்கு ஸ்கிராப் என்று சொன்ன பிறகுதான் எடுத்துத் தருவார்கள். சரி, அந்த ஸ்கிராப் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்துக்கு அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, சுரண்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு உறவுள்ளது. முதலில் சாப்பாட்டில் மிஞ்சிய துணுக்குகளைச் சொன்னார்கள், அப்புறம் எல்லாத் துண்டுதுணுக்குக்கும் அதுவே பெயராகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பளபளவென்று வண்ணத்தில் அச்சடித்துப் புடைப்பாக வெட்டிய சின்னச் சின்னப் படங்களை இங்கிலாந்தில் ஸ்கிராப் என்றே விற்றார்கள், வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வாங்கி ஒட்டினார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன்கூட 1873இல் ஒரு ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பக்கங்களில் பசை ஏற்கெனவே தடவியிருக்கும், நனைத்து ஒட்டினால் போதும்.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு வேறொரு கதை உண்டு. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். முதல் நாள் வெட்டிய கோட்டில் வழிந்து காய்ந்த பால் மறுநாள் காலையில் இழையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்துச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் புதிதாக வெட்டுவார். அதற்கு அம்மா சொல்லும் பெயர் ஒட்டுப்பால். ரப்பர் வியாபாரத்து ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ஸ்கிராப்! துரைமார் மிச்சம் மீதியைப் பார்த்த இடத்தில் நம் ஆட்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒட்டு பழைய சொல். ஒட்டுப் போட்ட சட்டை, ஒட்டு மாங்கன்று, ஒட்டும் இல்லை உறவும் இல்லை, எல்லாம் அந்த வேர்தான். பழந்தமிழில் ஒட்டார் என்றால் பகைவர், அதாவது நம்மோடு ஒட்டாதவர். ஏடு என்பது முன்பு பனையோலை, பிறகு தாள். ஒட்டும் ஏடும் சேர்ந்தால் ஒட்டேடு. திரட்டேடு தப்பில்லை, ஆனால் திரட்டுவது என்றால் சேர்த்து வைப்பது, கோப்பில் செருகி வைத்தாலும் திரட்டுதான். வெட்டி, ஒட்டி, மேலே சாயம் பூசி, அதன் மேல் இன்னொன்றை ஒட்டும் வேலைக்கு ஒட்டேடு என்பதே என் தேர்வு. (திரட்டு என்றதும் எனக்குத் திரட்டுப்பால் ஞாபகம் வந்துவிடுகிறது, அது வேறு.) கோலாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லும் பசை ஒட்டுவதிலிருந்து வந்ததுதான். 1912இல் பிக்காசோ ஓவியத்தில் மெழுகுத்துணியை ஒட்டிச் சுற்றிலும் கயிறு வைத்தாரே, அந்த வேலை.

பல பொருளைச் சேர்த்துச் செய்யும் மிக்ஸ்ட் மீடியா என்ற கலைக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். சிலர் கலப்பு ஊடகம் என்று எழுதுகிறார்கள். வேரைப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது, மீடியம் லத்தீனில் நடு, ஊடு தமிழில் நடு. ஆனால் காதில் விழும்போது டிவியும் பத்திரிகையும் கூட்டு வைத்த மாதிரி இருக்கிறது. வண்ணம், துணி, இலை, நூல் என்று பல பொருள் சேர்வதால் பல்பொருள் ஒட்டுக்கலை என்றால் கேட்டதும் புரியும்.

மகள் செய்ததும் அதுதான். முதலில் மணிலா அட்டையில் நீர்வண்ணத்தைத் தாராளமாகப் பூசியதில், அட்டை அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. அடுத்துச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் வாங்கி, வெள்ளை ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சை ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டோம், அது தாள் ஈரத்தை உறிஞ்சாமல் தடுக்கும். ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகுதான் அடுத்தது, அவசரப்பட்டால் எல்லாம் சேறு. அதன் மேல் பாட்டியின் பழைய பாத்தேக் துணியிலிருந்து ஒரு துண்டு, சம்பளச் சீட்டின் நகல் (அசலைத் தொடவிடவில்லை), நடுவில் ரப்பர் இலையின் நரம்பு.

அந்த நரம்பு இலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைவினைக் கடைகளில் சல்லடை போல வலைவலையாகக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதில் நிறைய ரப்பர் இலைதான். சலவைச் சோடா போட்டு இலையைக் கொதிக்க வைத்து, சதை குழைந்ததும் பழைய பல் துலக்கியால் மெல்லத் தட்டித் தட்டி எடுத்தால் நரம்பு மட்டும் நிற்கும். நாங்கள் ஆறு இலையைக் கிழித்து ஏழாவதைக் காப்பாற்றினோம். எங்கள் பக்கம் இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை), இலைக்கே தேடிப் போக வேண்டியிருந்தது, இத்தனைக்கும் 1877இல் ரப்பர் கன்று நட்ட கோலகங்சார் பக்கத்து ஊர்தான்.

"பாலிலேயே ஒட்டேன், நல்லா ஒட்டுமே," என்றார் அம்மா. ஒட்டும்தான், ஆனால் ரப்பர் பால் நாளாக ஆகப் பழுப்பேறி நொறுங்கும், தாளையும் கறையாக்கும். அதனால் வெள்ளைப் பசைதான். முடித்த பக்கத்தை ஒட்டுப்பால் பக்கம் என்று சொல்லி மகள் கொண்டுபோய்க் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஒட்டுப்பாலுங்கிற, நாத்தத்தையே காணோமே?"