தொட்டியில்லாத கீசரும் உப்புத் தண்ணீரும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த தம்பி ஒருவர் பெங்களூரில் ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை பார்க்கிறார். ஒரு தடவைக்கு 1000 லிட்டர் காய்ச்சுகிற இடம். அவர் அனுப்பிய கேள்வி இது: “அண்ணா, எங்க முதலாளி வெந்நீர்த் தொட்டியைக் கழட்டிட்டு, சுவத்துல மாட்டுற கேஸ் கீசரைப் பெருசா வாங்கி வைக்கலாம்னு சொல்றார். வீட்ல குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி வருதே, ஆலைக்கும் அதே போதாதா?”

எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் மது ஆலை என்று பேச்செடுத்தாலே தண்ணீரில்தான் வந்து நிற்கும். 2025 தொடக்கத்தில் எலப்புள்ளியில் ஒரு மது ஆலைக்குக் கேரள அரசு முதற்கட்ட அனுமதி கொடுத்ததும் எழுந்த சண்டையில் பெரிய பங்கு தண்ணீரைப் பற்றியது. கோகோ கோலா ஆலை வந்தபின் கிணறுகள் கெட்டுப்போன பிளாச்சிமடையை நேரில் பார்த்த ஊர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. இந்தத் தம்பியின் கேள்விக்கான பதிலும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, அதில் என்ன கரைந்திருக்கிறது என்பதில்.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும், பள்ளியில் படித்ததுதான். வீட்டு கேஸ் கீசர் பெட்டியில் ‘நிமிடத்துக்கு 6 லிட்டர்’ என்று போட்டிருக்கும். பெரும்பாலும் அது 25 டிகிரி ஏற்றத்துக்கான அளவு. குளிக்க அது போதும். பியருக்குப் போதாது. அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) 65 டிகிரி வாக்கில் ஊற வைத்தால்தான் அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அப்புறம் 76, 78 டிகிரித் தண்ணீரைத் தெளித்து, சக்கையில் தங்கிய சர்க்கரையைக் கழுவி எடுப்பார்கள். அதற்கு மேல் சூடு போனால் உமியின் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிடும். ஆக, 25 டிகிரித் தண்ணீரைச் சராசரியாக 75க்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் இரட்டிப்பானால் வரத்து பாதியாகும்: நிமிடத்துக்கு 3 லிட்டர். 1000 லிட்டர் சேர ஐந்தரை மணி நேரம்.

சரி, பெரியது வாங்கலாம். 55 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீருக்குள் தள்ளுகிற வணிக கீசர் நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். 85 டிகிரி வரை போகக்கூடிய மாடல்களும் உண்டு. ஒரு தடவைக்கு ஐந்தரை கிலோ வரை கேஸ் ஆகும். ஒரே சிலிண்டரிலிருந்து அந்த வேகத்தில் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி பூத்து, அழுத்தம் விழுந்துவிடும். அதனால் நாலைந்தை வரிசையாக இணைக்க வேண்டியிருக்கும். புகைக்குழாய் கட்டாயம் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். காற்றோட்டமில்லாத குளியலறை கீசரால் உயிர் போன செய்தியை எத்தனை முறை படித்தாகிவிட்டது! மூடிய ஆலைக்கூடமும் அந்த விஷயத்தில் வேறல்ல.

இதுவரை முதலாளி பக்கம்தான் நியாயம். சிக்கல் இனிமேல்தான். எனக்கு மிகவும் பிடித்த வேதியியலும் இங்கேதான் வருகிறது.

தண்ணீர் சூடாக ஆகச் சர்க்கரை அதிகம் கரையும், சோற்றுப்பும் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், நேர்மாறு. அது கரைகிற கதையே வேறு. சுத்தமான தண்ணீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராம்கூடக் கரையாத பொருள் அது. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை அள்ளிக்கொள்கிறது. மண் இடுக்குகளில் அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை வாங்கிய தண்ணீர் லேசான அமிலமாகிறது. போகிற வழியில் சுண்ணாம்பைத் தொட்டால் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது, லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வரை. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. வாளையாரில் மலபார் சிமெண்ட்ஸ் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியதே அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். சித்தூர்த் தாலுகாவில் மழையும் குறைவு. போர்வெல் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் பாறையோடு கிடந்த காலமும் கூடும். நாம் ‘உப்புத் தண்ணி’ என்று சொல்வதில் இந்தச் சுண்ணாம்புக்குப் பெரிய பங்கு. பெங்களூரில் லாரியில் வந்து இறங்கும் போர்வெல் தண்ணீரும் ஏறக்குறைய இதே சாதி.

இந்தக் கரைசல் ஒரு சமநிலையில் நிற்கிறது. சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருப்பது அந்த வாயுதான். சூடாக்கினால் வாயு வெளியேறும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகம் நன்றாகத் தெரியும். பிடித்திருந்த கை விட்டதும் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. மண்ணுக்குள் நடந்த அதே வினை பின்னோக்கி ஓடுகிறது!

கல் எங்கே பிறக்கும்? எங்கே சூடு அதிகமோ அங்கே. கீசரிலிருந்து வரும் தண்ணீர் 75 டிகிரி என்றாலும், தாமிரக் குழாயின் உட்சுவரை உரசிப்போகும் மெல்லிய படலம் அதைவிடச் சூடானது. தொட்டியில் மணிக்கணக்கில் பரவலாக ஏறுகிற வெப்பத்தை, தொட்டியில்லாத கீசர் சில விநாடிகளில், விரல் தடிமன் குழாய் வழியே ஏற்றியாக வேண்டும். அதனால் சுவரின் சூடு உச்சத்தில் இருக்கும். படிகம் முளைப்பதும் அந்தச் சுவரில்தான், ஒட்டிக்கொள்வதும் அங்கேதான். படிந்த சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மந்தம். சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே கம்பளி போர்த்தியது போல. வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தேங்க, தாமிரம் இன்னும் சூடாகிறது. வெளிவாயில் சூடு குறைந்ததைக் கண்ட கருவி கேஸை இன்னும் திறந்துவிடுகிறது. சுவர் மேலும் சூடாகிறது, மேலும் சுண்ணாம்பு படிகிறது. உள்ளே ‘கடகட’ என்று சத்தம் கேட்கத் தொடங்கினால், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து உடைகிறது என்று அர்த்தம்.

அளவையும் பாருங்கள். சூட்டில் படியக்கூடிய சுண்ணாம்பு லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1000 லிட்டரில் 300 கிராம் உள்ளே போகிறது. பத்தில் ஒரு பங்கு ஒட்டினால்கூட 30 கிராம். வாரத்துக்கு மூன்று முறை காய்ச்சினால் ஆண்டுக்கு நாலரை கிலோவைத் தாண்டும், அந்த ஒல்லிக் குழாய்க்குள்! குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்கிறது. இந்த வகைக் குழாய்க்கு 200ஏ அதிகம். வீட்டு கீசர் பல வருடம் தாங்குவதன் ரகசியம் நாம் 40 டிகிரியில் குளிப்பதுதான்.

வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு ஏடாகப் பெயரும் அல்லவா, அதில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கும். மழைநீர் மண்ணில் வாங்கியதில் மிச்சமாக அந்தக் கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயு இப்போது உங்கள் கையில் வெளியேறுகிறது. கீசரைச் சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவுவதும் இதே வித்தைதான்.

குழாயில் காந்தம் கட்டினால் உப்பு படியாது என்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். சோதித்துப் பார்த்த இடங்களில் ஒரே மாதிரியான பலன் வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத சக்தி என்று யாராவது சொன்னால் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். நம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப யோசிக்கிறோம். அரசும் அப்படித்தான். ஒவ்வொரு போர்வெல்லையும் கோடையிலும் மழைக்குப் பிறகும் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துச் சுவரில் எழுதிப் போட வேண்டும். ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது இருந்தால் எலப்புள்ளி மாதிரி விவாதங்களில் இரு தரப்பும் எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.

தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் கருவி வேலை செய்யும். ஆனால் கால்சியத்தை எடுத்துவிட்டு அது வைப்பது சோடியம். பாத்திரம் கழுவ நல்லது, பியருக்கு ஆகாது. நொதிகள் சூடு தாங்கவும், கடைசியில் ஈஸ்ட் திரண்டு படியவும் கால்சியம் வேண்டும். பைகார்பனேட் மட்டும்தான் அங்கே எதிரி, மால்ட் ஊறலின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) 5.2க்கும் 5.6க்கும் இடையே நிற்க அது விடாது. அந்தக் காலத்துப் பியர்காரர்கள் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து, சுண்ணாம்பைத் தொட்டியடியில் படிய விட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்தார்கள்.

தொட்டி இன்னொரு வேலையும் செய்கிறது. மால்ட்டிலிருந்து இறங்கிய சர்க்கரைச் சாற்றைக் காய்ச்சிக் குளிர்விக்கும்போது, அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் 70 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அடுத்த காய்ச்சலுக்கான வெந்நீர் காசில்லாமல் கிடைக்கிறது. தொட்டியைக் கழற்றினால் அதை எங்கே பிடிப்பது? சாக்கடையில்தான் விட வேண்டும்.

ஆகவே தம்பி, முதலாளியிடம் கீசர் வேண்டாம் என்று சொல்லாதே. தொட்டியோடு சேர்த்து வைக்கச் சொல். கீசரை 55 டிகிரியில் நிறுத்தித் தொட்டியை நிரப்புங்கள், மீதி இருபது டிகிரியைத் தொட்டியிலேயே ஏற்றுங்கள். சுண்ணாம்பில் பெரும்பகுதி அங்கே விழும், மூடியைத் திறந்து பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். சாற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கீசருக்குள் விடக் கூடாது, சர்க்கரை கருகிவிடும். கீசர் மாட்ட வரும் பிளம்பரிடம் தண்ணீர் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் கழுவுவதற்கென்று ஒவ்வொரு வால்வு வைக்கச் சொல். மறந்துவிட்டால் அப்புறம் அமிலம் விட்டுக் கழுவ ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்ற வேண்டிவரும்.