குழிக்குள் ஒரு சீப்பு கிடைத்தால் அது புறச்சமயச் சடங்கு ஆகிவிடாது

இடைக்கால ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் எலும்புக்கூட்டின் அருகே சீப்போ காசோ கரியோ கிடைத்ததாகச் செய்தி வந்தால் போதும், 'கிறித்தவர் வேடத்தில் வாழ்ந்த புறச்சமயத்தார்', அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களை வணங்கியவர்கள், என்று ஒரு காணொளி கிளம்பிவிடுகிறது. அதை எனக்கு அனுப்பி உண்மையா என்று கேட்பவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் தொல்லியலை என்னிடம் பயிலும் மாணவர் ஒருவரே அதைத் தேர்வுத் தாளில் விடையாக எழுதியிருப்பதைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

புறச்சமயத்தார் பொருள்களோடு புதைத்தார்கள், கிறித்தவர்கள் வெறும் துணியில் சுற்றிப் புதைத்தார்கள், ஆகவே பொருள் இருந்தால் அது புறச்சமயம் என்பதுதான் இந்தக் காணொளிகள் அனைத்துக்கும் அடிப்படையான எண்ணம். இது தவறு. ஜெர்மானியப் புறச்சமயத்தாரான சாக்சானியரை அடக்கிய பிராங்கிய அரசன் சார்லமேன் 780களில் விதித்த கொடிய சட்டங்களை எடுத்துப் பாருங்கள். சடலத்தை எரித்தால் மரண தண்டனை என்கிறது ஒரு விதி; கிறித்தவச் சாக்சானியரைப் பழைய மண்மேடுகளில் புதைக்காமல் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டுவர வேண்டும் என்கிறது இன்னொன்று. குழிக்குள் பொருள் வைப்பதைத் தடுக்கும் விதி அவற்றில் ஒன்றுகூட இல்லை. பழைய வழக்கங்களை வேரோடு பிடுங்க நினைத்த அரசனே அதைப் பொருட்படுத்தவில்லை என்றால், நாம் மட்டும் ஏன் பதற வேண்டும்?

687-இல் இறந்த ஆங்கிலேய ஆயர் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியை இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் 1827-இல் திறந்தபோது, செம்மணிகள் பதித்த பொற்சிலுவையும் தந்தச் சீப்பும் கையடக்கமான பலிபீடமும் இருந்தன. அவரைப் புறச்சமயத்தார் என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு? 1255-இல் இறந்த யார்க் பேராயர் வால்டர் டி கிரேயின் கல்லறையில் திருப்பலிக் கிண்ணமும் தட்டும் மோதிரமும் ஆயருக்குரிய கோலும் இருந்தன. கேம்பிரிட்ஜ் அருகே டிரம்பிங்டனில் 2011-இல் கண்டெடுக்கப்பட்ட ஏழாம் நூற்றாண்டுப் பதின்வயதுப் பெண்ணைக் கட்டிலோடு புதைத்திருந்தார்கள்; அவள் அணிந்திருந்ததோ பொற்சிலுவை. இங்கிலாந்தில் பொருள்களோடு புதைக்கும் வழக்கம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் பெரும்பாலும் ஓய்ந்தது உண்மைதான்; ஆனால் 597-இல் கிறித்தவத்தைப் பரப்ப அகஸ்டின் என்ற துறவி தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டுக்கு வந்து ஏறக்குறைய மூன்று தலைமுறைகள் கடந்த பிறகே அது நடந்தது.

கரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைக் கண்டதும் 'எரியூட்டலின் மிச்சம்' என்று எழுதுபவர்கள்தாம் மிகுதி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழிபாட்டுச் சடங்குகளுக்கு விளக்கநூல் எழுதிய பிரெஞ்சு ஆயர் துராந்துஸ், குழிக்குள் தீர்த்தமும் சாம்பிராணியும் கரியும் வைப்பதைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் தருகிறார். மண்ணுக்குள் நெடுங்காலம் அழியாமல் கிடப்பது கரி என்பதால், இந்த நிலத்தை இனி வேறு பயன்பாட்டுக்கு எடுக்கலாகாது என்பதற்கு அது சாட்சி என்பது அவர் விளக்கம். அவருக்கு முன்பே, ஒன்பது முதல் பதினோராம் நூற்றாண்டு வரை, வின்செஸ்டரிலும் யார்க்கிலும் பேராலயத்தை ஒட்டியே கரிப்படுகையின் மேல் சடலங்களைக் கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். பேராலயத்து மதகுருமாரின் கண்ணெதிரே நடந்ததை ரகசியச் சடங்கு என்பது எப்படிப் பொருந்தும்?

தலை மேற்கேயும் கால் கிழக்கேயும் இருந்தால் கிறித்தவர் என்ற எதிர்ப்பக்கத்து முடிவும் இதே அளவுக்குப் பலவீனமானது. அந்தத் திசையில் புறச்சமயத்தாரும் புதைத்திருக்கிறார்கள்.

திருச்சபை கண்டித்த பழக்கங்கள் இல்லாமல் இல்லை. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தையின் சடலத்தில் முளையடிக்கும் பெண்களுக்கு, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர ஆயர் புர்கார்ட் பாவப் பரிகாரமாகத் தவம் விதிக்கிறார். ஆனால் அப்படிச் செய்தவர்கள் அவருடைய மறைமாவட்டத்தின் கிறித்தவப் பெண்கள். செத்தவர் திரும்பி வருவார் என்ற அச்சத்துக்குப் பழைய தெய்வத்தின் வழிபாடு தேவையில்லை.

ஆகவே, அடுத்த காணொளியைப் பகிரும் முன் முதலில் காலத்தைக் கேளுங்கள். 'இடைக்காலம்' என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு, அது ஒரு காலக்கணிப்பே அன்று. பொருள் சடலத்தின் மேல் இருந்ததா, குழியை மூடிய மண்ணில் இருந்ததா என்று பாருங்கள். ஒரே தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியதால் பழைய பானையோடும் விலங்கெலும்பும் அந்த மண்ணில் தாமாகவே வந்து கலக்கும் என்பது எங்கள் துறையில் முதல் பருவத்துப் பாடம். சடலத்துணியைச் செருகிய ஊசியைத் தாயத்து என்று எழுதாதீர்கள். அகழ்ந்தவரின் அறிக்கை வெளிவந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், தயவுசெய்து, அது வரும் வரையாவது பொறுத்திருங்கள்.