அந்த ‘இஃப்’ எதற்கு?

மதுரை அரசரடிப் பக்கம் மாலை வேளைகளில் ஜாவா என்ற கணினி நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகச் சேருபவர்களின் நோட்டில் இந்த வரி வராமல் இருந்ததில்லை:

இஃப் (வயது >= 18) ரிட்டர்ன் ட்ரூ; எல்ஸ் ரிட்டர்ன் ஃபால்ஸ்;

வயது 18 அல்லது அதற்கு மேல் என்றால் ட்ரூ (உண்மை) என்று விடை அனுப்பு, இல்லையென்றால் ஃபால்ஸ் (பொய்) என்று அனுப்பு என்பது இதன் பொருள். பிழை இல்லை, ஓடும். ஆனால் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நடத்துநரிடம் “தேனி போகுமா?” என்று கேட்டால், “போகும்” என்பார். “தேனி போவது உண்மையானால் ஆம் என்பேன், பொய்யானால் இல்லை என்பேன்” என்று ஆரம்பித்தால் பஸ் கிளம்பிவிடும்.

வயது >= 18 என்பதைக் கணக்கிட்டால் வருவதே ட்ரூ அல்லது ஃபால்ஸ்தான். கூட்டல் விடையை ‘ரிட்டர்ன் அ + ஆ’ என்று கூசாமல் அனுப்புகிறவர்கள், ஒப்பீட்டின் விடையை மட்டும் இஃப் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள். ‘ரிட்டர்ன் வயது >= 18;’ போதும். விடை தலைகீழாக வேண்டுமென்றால் ஒப்பீட்டை அடைப்புக்குறிக்குள் வைத்து முன்னால் ஓர் ஆச்சரியக்குறி.

வரி மிச்சமாவது எனக்குப் பெரிதல்ல. ட்ரூவையும் ஃபால்ஸையும் கையால் எழுதும்போது இடம் மாற்றி எழுதிவிடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில் நான்கு இஃப் அடுக்கிய ஒரு மெத்தடில் (நிரலின் ஒரு துண்டு) அப்படி மாற்றி எழுதி, ஒரு மதியம் முழுக்கத் தேடியிருக்கிறேன். இதைச் சுட்டிக்காட்டவே, நிரலைச் சரிபார்க்கும் பிஎம்டி, செக்ஸ்டைல் கருவிகளில் தனி விதி இருக்கிறது.

இதன் தம்பி இன்னும் பொல்லாதவன்: இஃப் (முடிந்தது == ட்ரூ). இரண்டு சமக்குறி ஒப்பிடும்; ஒன்று மட்டும் இருந்தால் மாறியில் மதிப்பை எழுதிவிடும். இதில் ஒரு சமக்குறி விடுபட்டால் என்ன ஆகும்? எண் மாறியில் இப்படிச் செய்தால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் நிறுத்திவிடும். ட்ரூ, ஃபால்ஸ் மட்டுமே வைக்கும் பூலியன் மாறி என்றால் சத்தமே இல்லாமல் அதை ட்ரூவாக மாற்றிவிட்டு உள்ளே நுழைந்துவிடும். ‘இஃப் (முடிந்தது)’ என்று எழுதினால் விடுபடச் சமக்குறியே இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்கச் சொல்லவில்லை. லீப் ஆண்டுக் கணக்கில் 4, 100, 400 மூன்றும் வரும்; 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு. மூன்று வகுபடுதலுக்கும் மூன்று பூலியன் மாறிகளைப் பெயரிட்டு வைத்து, கடைசி வரியில் சேர்த்து ரிட்டர்ன் செய்தால் வாசிக்க முடியும்.

போன வாரம் ஒரு மாணவி, “இஃப்பை எடுத்துவிட்டேன் சார்” என்று பெருமையாகத் திரையைக் காட்டினாள்.

ரிட்டர்ன் (வயது >= 18) ? ட்ரூ : ஃபால்ஸ்;

கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இஃப்-எல்ஸின் சுருக்கம்தான். அவளை மறுபடி ஆரப்பாளையம் நடத்துநரிடம் அனுப்பினேன்.