பரோக்: கறடு முத்திலிருந்து கோவில் கூரை வரை

ரோமில் எந்தப் பழைய கோவிலுக்குள் நுழைந்தாலும், வாசல் பலகையிலோ வழிகாட்டியின் வாயிலோ ‘பரோக்’ வந்துவிடும். என்ன பொருள் என்று கேட்டால் “நிறைய தங்கம், நிறைய தேவதூதர்கள், ஒரு இடம் காலியாக இருக்காது” என்று பதில் வரும். அது பாதி சரி. மீதிப் பாதி சொல்லின் கதையில் இருக்கிறது.

அகராதிப் பொருளை முதலில் முடித்துவிடலாம். சுமார் 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப் பாணி பரோக். கட்டடம், சிற்பம், ஓவியம், இசை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர்தான். தொடங்கிய இடம் ரோம். முந்தைய மறுமலர்ச்சிக் காலம் அளவையும் அமைதியையும் போற்றியது என்றால், பரோக் அசைவைப் போற்றியது. சுவர் வளையும், தூண் முறுக்கிக்கொள்ளும், ஓவியம் சட்டத்துக்குள் அடங்காது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்த இயக்கத்தால் ஆட்டம் கண்டிருந்த கத்தோலிக்கத் திருச்சபை, பிரசங்கத்துக்கு மசியாதவரைக் கண் வழியாகவும் காது வழியாகவும் இழுக்கப் பார்த்த காலம் அது.

இத்தாலியர் ‘பரோக்கோ’ என்பார்கள். நாம் எழுதும் ‘பரோக்’, பிரெஞ்சு வடிவம் ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் வேர் பிரெஞ்சும் இல்லை, இத்தாலியமும் இல்லை. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கப்படி அது போர்த்துகீசிய ‘பர்ரோக்கு’. உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக விளைந்த முத்துக்கு அந்தப் பெயர். 1563இல் கோவாவில் அச்சான தன் மருந்துப்பொருள் நூலில், கார்சியா ட ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் வடிவம் கெட்ட, உருளாத முத்துகளை இந்தச் சொல்லால்தான் குறித்தார். பிரெஞ்சு அகாதெமியின் 1694ஆம் ஆண்டு அகராதியிலும் இது முத்துக்கு மட்டுமே உரிய சொல். 1740ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ‘ஒழுங்கற்ற, விசித்திரமான’ என்ற உருவகப் பொருள் சேர்ந்தது.

இன்னொரு கட்சியும் உண்டு. இடைக்காலத் தருக்கப் பாடத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக ஒவ்வொரு வாத வடிவத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ‘பரோகோ’. எல்லா யானைக்கும் தும்பிக்கை உண்டு. சில விலங்குகளுக்குத் தும்பிக்கை இல்லை. ஆகவே சில விலங்குகள் யானை அல்ல. இவ்வளவுதான் பரோகோ. இதைச் சொல்ல ஒரு பள்ளிக்கூடமா என்று பிற்காலத்தார் கேலி செய்ததில், சுற்றி வளைத்த வெற்று வாதத்துக்கெல்லாம் அதுவே பெயராயிற்று. அதிலிருந்து கலைக்கு வந்தது என்பார்கள். தத்துவ அறிஞர் ரூசோ இந்தக் கட்சி. எனக்கு முத்துதான் பொருத்தமாகப் படுகிறது. அகராதிகளின் வரிசையும் அந்தப் பக்கமே சாய்கிறது.

எப்படிப் பார்த்தாலும் கலையுலகுக்குள் இந்தச் சொல் வசவாகத்தான் நுழைந்தது. ராமோ என்ற இசையமைப்பாளரின் முதல் ஓபரா அரங்கேறிய மறு ஆண்டு, 1734இல், பெயர் போடாத ஒரு விமர்சகர் அதைப் பழிக்க இந்தச் சொல்லை எடுத்தார். 1768இல் ரூசோ இன்னும் கறாராக, சுருதி குழம்பி, பாடக் கடினமாய், இயல்பு கெட்டு நிற்பது பரோக் இசை என்று எழுதிவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டடக்கலை எழுத்தாளர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். இதை ஏச்சிலிருந்து மீட்டவர்களில் முக்கியமானவர் ஹைன்ரிஹ் வொல்ஃப்லின் என்ற சுவிஸ் அறிஞர். 1888இல் வந்த தன் நூலில் இதைத் தனக்கென்று இலக்கணம் உள்ள தனிப் பாணியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அதன் பிறகுதான் பெயர் நிலைத்தது. பரோக் கலைஞர் ஒருவர்கூடத் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லைக் கண்ணால் பார்க்க ரோமில் ஒரே ஒரு இடம் போக நேரம் இருக்கிறது என்றால், நான் இயேசு சபையாரின் தாய்க்கோவிலைச் சொல்வேன். ஊரார் அதை ‘ஜேசு’ என்று சுருக்கிவிட்டார்கள். கட்டத் தொடங்கியது 1568இல், அர்ச்சித்தது 1584இல். வடிவமைத்தவர் விஞ்ஞோலா, முகப்பை முடித்தவர் ஜாக்கமோ தெல்லா போர்த்தா. கணக்குப்படி இது பரோக் காலத்துக்கு முந்திய கட்டடம். உட்கூரையும் கிட்டத்தட்ட நூறு ஆண்டு வெறுமையாகவே கிடந்தது. இன்று அண்ணாந்து பார்த்து வாய் பிளக்கிறோமே, அது 1676க்கும் 1679க்கும் இடையில் காவுல்லி தீட்டியது. பாச்சிச்சா என்ற செல்லப் பெயரால்தான் அவரைப் பலரும் அறிவார்கள்.

அந்தக் கூரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவில் இயேசுவின் பெயரெழுத்துகள் ஒளியாய்க் கரைகின்றன. ஒளி பட்டவர்கள் மேலே எழுகிறார்கள், படாதவர்கள் கீழே சரிகிறார்கள். சரிகிறவர்கள் பொன் சட்டத்தோடு நிற்பதில்லை. சட்டத்தைத் தாண்டிக் கூரைமேல் வழிகிறார்கள். வழிகிற உடல்களின் நிழலையும் காவுல்லி பொன் வேலைப்பாட்டின் மேலேயே கருஞ்சாயமாகப் பூசிவிட்டார். பக்கத்தில் அந்தோனியோ ராஜ்ஜியின் சுதை உருவங்கள் வேறு. எது சுதை, எது சாயம், எது சட்டம் என்று கீழே நிற்பவருக்குப் பிடிபடாது. கழுத்து வலிக்காமல் பார்க்கத் தரையில் ஒரு சாய்வுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடி இல்லாமல் பாருங்கள்.

இடப் பக்கம், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பீடம். அந்திரேயா போட்ஸோ 1695இல் தொடங்கி 1699இல் முடித்தது. தூண்களில் லாபிஸ் லசூலி நீலக்கல், உச்சியில் பெரிய நீல உருண்டை. ஒரே கல் என்று வெகுகாலம் நம்பினார்கள். உள்ளே சாந்துதான், கல் மேல்பதிப்பு. பிரெஞ்சுச் சிற்பி லெக்ரோ செய்த இஞ்ஞாசியாரின் வெள்ளிச் சுரூபம் நெப்போலியனுக்குப் போர் இழப்பீடு கட்டுவதற்காக உருக்கப்பட்டது. இப்போது நிற்பதில் பெரும்பகுதி வெள்ளி பூசிய சுதை. பகலில் போனால் சுரூபமே தெரியாது, மாடத்தை ஒரு பெரிய ஓவியம் மூடியிருக்கும். மாலை ஐந்தரைக்கு இசை எழும்ப, ஓவியம் மெல்லக் கீழே இறங்கி மறையும், விளக்கொளியில் சுரூபம் வெளிப்படும். போட்ஸோவே அமைத்த பொறி இது. பழுது நீக்கி 2008 முதல் மறுபடி இயக்குகிறார்கள். நாடகமேடைத் தந்திரம்தான், கோவிலுக்குள் செய்கிறார்கள். பரோக் என்றால் என்ன என்று கேட்பவரை அந்த நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் போதும்.

நேர் எதிர்ப் பக்கம், அதே சபையின் குரு சவேரியாரின் பீடம். இங்கேதான் சொல்லின் கதை நம் கரையைத் தொடுகிறது. பீடத்தின் மேல் வைத்திருக்கும் திருப்பண்டம் சவேரியாரின் வலது முன்கை; 1614இல் கோவாவிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டது. 1542இல் தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று அவர் கடிதம் எழுதினாரே, அதே கை. கோணல் முத்துக்குப் பெயர் கொடுத்த போர்த்துகீசியர் அப்போது முத்து வாங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சொல் நம் கரையில்தான் பிறந்தது என்று சொல்ல வரவில்லை. அதற்குச் சான்றும் இல்லை.

ஆனால் அந்த முத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோவிலில் இராசராசன் கொடுத்த நகைகளைப் பட்டியலிடும் கல்வெட்டுகள் முத்தை வெறுமனே முத்து என்று விட்டுவிடுவதில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, இரட்டை, கறடு என்று வகை பிரித்தே எழுதுகின்றன. வட்டம் நல்ல உருண்டை, இரட்டை ஒட்டிப் பிறந்தது, கறடு கரடுமுரடானது. ஆக, முத்து என்ற முதற்பொருளில் பரோக்குக்கு நேரான தமிழ்ச்சொல் கறடு. நகைக்கடைகளில் ‘பரோக் முத்து’ என்று விற்பதை ‘கறடு முத்து’ என்றால் ஒன்றும் குறைந்துவிடாது. விலை குறையுமோ என்று கடைக்காரர் பயப்படலாம், அது வேறு.

பாணியின் பெயராகவும் கறட்டையே வைத்துக்கொள்ளலாமா? எனக்கு உடன்பாடில்லை. ஏச்சு என்ற நினைவு ஐரோப்பாவில் தேய்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாம் ‘கறட்டுப் பாணி’ என்றால் தேய்ந்துபோன ஏச்சைப் புதிதாகக் கிளப்பிவிடுவோம். ‘மிகையணிப் பாணி’ ஒலிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அலங்காரம் மட்டுமே பரோக் என்று ஆக்கிவிடும். கட்டடக் கலைஞர் போரோமினி 1638இல் ரோமில் தொடங்கிய சான் கார்லோ கோவிலின் உள்ளே பொன்னும் வண்ணமும் குறைவு. சுவரே அலைபோல உள்வாங்கி வெளித்தள்ளும். அதை மிகையணி என்று எப்படிச் சொல்வது? எனவே பாணிக்குப் ‘பரோக்’ என்றே எழுதுவது நல்லது. ஓர் எழுத்தையோ பேச்சையோ ‘ரொம்ப பரோக்’ என்று குறை சொல்லும் இடத்தில் மட்டும் மிகையணி, வேலைப்பாடு மிகுந்தது, ஜோடனை அதிகம் என்று எழுதலாம்.

எழுதும்போது: பரோக் கோவில், பரோக் இசை, பரோக் காலம். வேற்றுமை சேரும் இடத்தில் பரோக்கை, பரோக்கின், பரோக்கில். சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்பது உறுத்துகிறது என்பவர்கள் ‘பரோக்கு’ என எழுதட்டும், பிழையில்லை. ‘பரோகு’ வேண்டாம், அது பரோகோவாகி மறுபடி யானைக்கும் தும்பிக்கைக்கும் போய்விடும். ‘ரொகோகோ’ வேறு சொல். அது பரோக்குக்குப் பின், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் வந்த இலேசான, சிப்பியும் கொடியுமான அலங்காரம். இரண்டையும் ஒன்றாக எழுதும் பழக்கம் நம் பயணக் கட்டுரைகளில் அதிகம்.