சர்க்கரையைத் தனியாகப் போட்டால் ஏன் பலிப்பதில்லை?

“உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசியா, கிருமியின் ஒரு துண்டை மட்டும் கொண்டதா, எதில் பாதுகாப்பு அதிகம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நோய் வராமல் காக்கிறதா? ஊசியால் உடம்புக்குக் கெடுதல் வராமல் இருக்குமா?

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. கால்மெட், கெரான் என்ற ஆய்வாளர்கள் 1908 தொடங்கி 13 ஆண்டுகள், 230 முறை புதிது புதிதாக ஊடகம் மாற்றி வளர்த்து அதை அடக்கினார்கள். குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து நன்றாகக் காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் அந்த உறுதி இல்லை. எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த குழந்தைக்கு அந்தக் கிருமியே பரவிவிடலாம் என்பதால் போடக்கூடாது. கக்குவான் இருமலுக்கான முழுச்செல் ஊசி (கொன்ற கிருமியை முழுதாகக் கொண்டது) காய்ச்சலும் வீக்கமும் தரும். சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்த ஊசி சாதுவானது, ஆனால் அதன் காப்பு சீக்கிரம் தேய்கிறது. ரணஜன்னிக்கு (டெட்டனஸ்), கிருமியின் நச்சை ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் முடக்கிப் போட்டாலே போதும். அவ்வப்போது ஊக்க ஊசி வேண்டும்.

என்னைக் கேட்டால், இவற்றில் அழகானது இணைப்புத் தடுப்பூசி.

நிமோனியா தரும் நிமோகாக்கஸ், குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் தரும் ஹிப், டைபாய்டு ஆகிய கிருமிகள் சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறையைப் போர்த்தியிருக்கும். அந்தச் சர்க்கரையை மட்டும் ஊசியில் போட்டால் பி செல் (எதிர்ப்பொருள் சுரக்கும் வெள்ளணு) கொஞ்சம் எதிர்ப்பொருள் சுரக்கும், கிருமியைப் பற்றிய நினைவு உடம்பில் நிலைக்காது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் அதுகூடச் சரியாக நடக்காது. காரணம், உதவிக்கு வரவேண்டிய டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவுக்குப் புரதத் துணுக்குதான் கண்ணில் படும், சர்க்கரை படாது.

அதனால் சர்க்கரையோடு ஒரு புரதத்தை, உதாரணமாக முடக்கிய ரணஜன்னி நச்சை, வேதிப்பிணைப்பால் கோத்துவிடுகிறார்கள். பி செல் சர்க்கரையைப் பற்றி இழுக்கும்போது புரதமும் கூடவே உள்ளே போகிறது. பி செல் அதை நறுக்கி, துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. ரணஜன்னியை அறிந்த டி செல் வந்து உதவுகிறது. சர்க்கரையை ஒருமுறைகூடப் பார்க்காத டி செல்லின் துணையோடு, சர்க்கரைக்கு எதிரான நினைவு செல்கள் பிறக்கின்றன! இரண்டையும் ஒரே குப்பியில் வெறுமனே கலந்தால் இது நடக்காது. சர்க்கரையை விழுங்கும் செல்லுக்குப் புரதம் கிடைக்காதே. பிணைப்பு அறுந்து பிரிந்த சர்க்கரை எவ்வளவு என்று தயாரிப்பில் அளந்து பார்ப்பது இதற்காகத்தான்.

சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்தால் எதிர்ப்பாற்றல் கூடும் என்று ஏவரி, கோபல் என்ற ஆய்வாளர்கள் 1929-இலேயே காட்டினார்கள். அமெரிக்காவில் ஹிப் இணைப்பு ஊசிக்கு அனுமதி கிடைத்தது 1987-இல். உடனடிப் பலன் கேட்காமல் அடிப்படை ஆய்வுக்குப் பணம் தர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டைபாய்டில் வித்தியாசத்தை நேராகவே பார்க்கலாம். கிருமியின் உறையிலுள்ள ‘வி’ என்ற சர்க்கரை மட்டும் 25 மைக்ரோகிராம்: 2 வயதுக்கு மேல்தான், மூன்றாண்டுக்கொருமுறை திரும்பவும் போட வேண்டும். அதே 25 மைக்ரோகிராம் ரணஜன்னிப் புரதத்தோடு இணைந்தால் 6 மாதக் குழந்தைக்கே போடலாம். களச்சோதனைகளில் 80% அளவுக்குக் காப்பு கிடைத்தது. உயிருள்ள கிருமி கொண்ட டைபாய்டு மாத்திரையும் உண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்க வேண்டும். அந்த நாட்களில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் தடுப்புமருந்துக் கிருமியே செத்துவிடும்.